கருவாடு வரலாம், நெய் வரக்கூடாது: ஹாம்பர்க் கெளம்புற மாமியாரோட பெட்டி

ஹாம்பர்க்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். மனைவிக்கு அடுத்த மாசம் டெலிவரி, மாமியார் திருநெல்வேலில இருந்து சென்னை வந்து ஃப்ராங்க்ஃபர்ட் வழியா ஹாம்பர்க் வர்றாங்களாம், பெட்டில நெய் 2 கிலோ, பிரசவ லேகியம், நெத்திலி கருவாடு, கருவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கட்டியாச்சு, கழுத்துல கையில 12 பவுன், பொறக்கப்போற கொழந்தைக்கு 2 பவுன்ல ஒரு செயின். கடைசியா ஒரு வரி: "ஃப்ராங்க்ஃபர்ட் டு ஹாம்பர்க் உள்நாட்டு ஃப்ளைட்தானே, ஹாம்பர்க்ல கஸ்டம்ஸ் இருக்காதுல்ல?"

இருக்கும் தம்பி. நெறைய பேர் மாட்டுறதே இங்கதான், அதனால இதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். பாஸ்போர்ட் செக்கிங் ஃப்ராங்க்ஃபர்ட்லயே முடிஞ்சிடும், கையில தூக்கிட்டு வர்ற பைக்கும் கஸ்டம்ஸ் அங்கதான், ஆனா சென்னைல போட்ட பெரிய பெட்டிக்கு கஸ்டம்ஸ் அது கடைசியா வந்து எறங்குற ஊர்ல, அதாவது ஹாம்பர்க்ல. கூட வர்ற உள்நாட்டு பயணிங்களோட பெட்டி டேக்ல ரெண்டு ஓரமும் பச்சைக் கோடு இருக்கும், சென்னைல ஒட்டுன டேக்ல அது இருக்காது, அதனால யார் பெட்டி வெளிநாட்டுல இருந்து வருதுன்னு ஆபீசருக்கு பத்தடி தூரத்துலயே தெரிஞ்சிடும். பச்சை வழில நடந்தாலே "என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு எழுதிக் குடுத்த மாதிரி, அப்புறம் "எனக்கு ஜெர்மன் தெரியாது சார்"னு சொல்றது எடுபடாது. சந்தேகம்னா செவப்பு வழில போயி நாமளே காட்டிடணும், கூடாத சாப்பாட்டுப் பொருளா இருந்தா எடுத்து வச்சுக்குவாங்க, மறைச்சு மாட்டுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

இப்போ பெட்டிய தொறப்போம். நெய் கூடாது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து பயணிங்க கறி, பால், அதுல செஞ்ச எதையும் கொண்டு வரக்கூடாது, அளவு கணக்கெல்லாம் இல்ல, கால் கிலோ நெய்யும் அதேதான், பால்கோவா, பன்னீர், பேடா எல்லாம் இதுல அடக்கம். இது வெறும் கெடுபிடி இல்ல, கறி, பால் வழியா மாட்டு நோய் உள்ள வந்துடும்னு பயம். ஒரு மாட்டுக்கு கோமாரி வந்தா என்ன ஆகும்னு 2001ல பிரிட்டன்ல பாத்தாங்க, 60 லட்சத்துக்கும் மேல ஆடு மாடு பன்னிங்கள கொன்னாங்க, ஜெர்மனிலயும் 1988க்கு அப்புறம் இல்லாம இருந்த நோய் 2025 ஜனவரில பெர்லின் பக்கத்துல பிராண்டன்பர்க்ல ஒரு எருமைக் கூட்டத்துல வந்துச்சு, அதனால இப்போ இன்னும் உஷாரா இருக்காங்க. லேகியத்துலயும் நெய் ஊத்தித்தானே கிண்டுவாங்க, அதனால அத்தைய லேகியப் பொடிய மட்டும், சுக்கு மிளகு திப்பிலி ஓமம் எல்லாம் வறுத்து அரைச்சது, கொண்டு வரச் சொல்லுங்க, கருப்பட்டியும் சேத்துக்கலாம், நெய்ய அங்க பாத்துக்கலாம். ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்ல பட்டர்ஷ்மால்ட்ஸ்னு டப்பால கெடைக்கும், உருக்குன வெண்ணெய்தான் அது, ஆனா அத்தை அதை மோந்து பாத்துட்டு மூஞ்ச சுளிச்சாங்கன்னா உப்பு போடாத பட்டர் நாலு பாக்கெட் வாங்கிக் குடுத்துடுங்க, அவங்களே முருங்கை எலை போட்டு உருக்கிக்குவாங்க (அந்த எலைக்கு ஏசியன் கடைதான் போகணும், ஏன்னு அடுத்து சொல்றேன்).

பச்சையா இருக்குற எலை, காய், பழம், வெதை, செடி, பூ எதுவா இருந்தாலும் 2019 டிசம்பர் 14ல இருந்து செடி நோய் இல்லன்னு ஊர்ல அரசாங்கம் குடுக்குற சர்ட்டிஃபிகேட் வேணும். வீட்டு சமையலுக்கு கொண்டு போற ரெண்டு கொத்து கருவேப்பிலைக்கு அதை யாரு வாங்குவா? அதனால கருவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம், வாழை எலை, பச்சை மஞ்சக் கெழங்கு எல்லாம் வீட்டோட நிக்கட்டும். சர்ட்டிஃபிகேட் வேணாம்னு விட்டது அஞ்சே பழம்: தேங்கா, வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசி, டூரியன். கருவேப்பிலைய நெழல்ல காயவச்சு பொடி பண்ணிட்டா பிரச்சனை இல்ல. மாம்பழத்துக்கு ஏன் இவ்வளவுன்னு தோணும், பழ ஈ வருதுன்னு 2014 மே மாசம் இந்திய மாம்பழ இறக்குமதியையே நிறுத்தினாங்க, கூடவே கத்திரிக்கா, பாவக்கா, பொடலங்கா, சேப்பங்கிழங்கையும், அப்புறம் 2015லதான் மாம்பழத்துக்கு மறுபடி வழி விட்டாங்க.

கருவாடு? தாராளமா வரலாம், மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் விட்டிருக்காங்க. தேனும் 2 கிலோ வரைக்கும் சரி.

நகை விஷயத்த பிரிச்சுப் பாக்கணும். அத்தை போட்டுட்டு வந்து அதையே போட்டுட்டு திரும்பிப் போற 12 பவுன் அவங்க சொந்த உபயோகப் பொருள், வரி கெடையாது, பழைய பில்லோ அந்த நகை போட்ட பழைய ஃபோட்டோவோ ஃபோன்ல இருக்கட்டும், சென்னைல கெளம்பும்போது இந்திய கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டா திரும்பி வரும்போது அங்கயும் தலைவலி இல்ல. கொழந்தை செயின் அப்படி இல்ல, அது ஜெர்மனிலயே தங்கப்போற பொருள், ஃப்ளைட்ல வர்றவங்களுக்கு வரி இல்லாத அளவு 430 யூரோதான், இன்னைக்கு வெலைல ஒரு பவுனே அதை தாண்டிடும். "பாதிய என் கணக்குல, பாதிய அவர் கணக்குல"ன்னு ஒரே பொருள ரெண்டா பிரிக்க முடியாது, 430 போக மிச்சத்துக்கு மட்டும் வரின்னும் கெடையாது, தாண்டிட்டா முழு வெலைக்கும் வரி, கொஞ்சம் சுங்க வரி, அதோட 19 சதவீதம் வாட். பில்லோட செவப்பு வழி போங்க, இல்லன்னா பேசாம பேரப்புள்ளய ஊருக்கு கூட்டிட்டு வரும்போது போட்டுக்கட்டும். பணம் 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ இருந்தா எழுதிக் குடுத்தே ஆகணும், 2021 ஜூன்ல இருந்து தங்கக் காசும் தங்கக் கட்டியும் இந்தக் கணக்குல சேரும், நகை சேராது.

பாஸ்போர்ட் கவுண்டர்ல, 2025 அக்டோபர் 12ல ஆரம்பிச்ச என்ட்ரி எக்ஸிட் சிஸ்டம்படி (யார் எப்போ வந்தாங்க, எப்போ போனாங்கன்னு கம்ப்யூட்டர்ல பதியுற முறை), மொத தடவ வர்றவங்களுக்கு மூஞ்சி ஃபோட்டோ எடுப்பாங்க, விசாவுக்கு குடுத்த விரல் ரேகைய சரி பாப்பாங்க, அதனால அடுத்த ஃப்ளைட்டுக்கு ஒன்றரை மணி நேர கேப் பத்தாது, மூணு மணி நேரமாவது வச்சு டிக்கெட் போடுங்க. உங்களுக்கு ரெசிடென்ஸ் பர்மிட் இருக்கறதால இது இல்ல. இதுல முக்கியமானது என்னன்னா, விசா ஸ்டிக்கர்ல ரெண்டு விஷயம் இருக்கும், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்னு ஒண்ணு, எத்தனை நாள்னு ஒண்ணு. உதாரணத்துக்கு தேதி 75 நாளுக்கு இருக்கும், நாள் 60ன்னு போட்டிருக்கும், அப்போ 60 நாள்தான் தங்கலாம், வந்த நாளும் போற நாளும் கணக்குல சேரும். முன்னாடி ஸ்டாம்ப் பாத்து வெரல் விட்டு எண்ணுவாங்க, இப்போ கம்ப்யூட்டரே சொல்லிடும்.

கைப்பைல ஊறுகாய், தொக்கு, எண்ணெய் வேணாம், செக்யூரிட்டில இதெல்லாம் தண்ணி மாதிரிதான், 100 மில்லிக்கு மேல போகாது, சில ஏர்போர்ட்ல புது ஸ்கேனர் வந்து தளர்த்தியிருக்காங்க ஆனா அதை நம்பி பேக் பண்ணாதீங்க. சுகர், பிரஷர் மாத்திரை, இன்சுலின் கைப்பைலதான் இருக்கணும், டாக்டர் சீட்டோட. பவர் பேங்கும் கைப்பைலதான், பெரிய பெட்டில போடக்கூடாது.

கருவாட்ட மட்டும் கடைல குடுத்து காத்து உறிஞ்சி ரெண்டு சுத்து பேக் பண்ணி, மேல "ட்ரோக்கன்ஃபிஷ்"னு ஜெர்மன் எழுத்துல நீங்களே எழுதி வாட்ஸப்ல அனுப்பி ஒட்டச் சொல்லுங்க, பெட்டிய தொறக்குற ஆபீசர் மோந்து பாத்து கண்டுபிடிக்க வேண்டாம்.