63 வயசுல குதிரை தெரபி சென்டர்ல வாலன்டியரா போகலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

அடுத்த மாசம் கிரீன்கார்டுல நியூஜெர்சிக்கு மகள் வீட்டுக்குப் போறீங்க, பக்கத்துல குதிரை தெரபி சென்டர் இருக்கு, அங்க வயசானவங்க நிறைய பேர் வாலன்டியரா வர்றாங்க நீயும் போம்மான்னு மகள் சொல்றாங்க, ஆனா உங்களுக்கு லேசா முட்டி வலி, இங்கிலீஷ் சுமார், மெரினால சவாரி விடுற குதிரையத் தவிர வேற குதிரையப் பக்கத்துல பார்த்ததில்ல, இது சரிப்படுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போங்க. நானும் மாம்பலத்துலேருந்து போனவதான், அந்த மாதிரி ஒரு சென்டருக்குப் பல வருஷமா போயிட்டிருக்கேன், இப்ப லீவுக்கு சென்னைல இருக்கேன்.

குதிரை ஏறப்போறது நீங்க இல்ல, குழந்தைங்க. செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு கட்டுப்பாட்டுல இல்லாதது), ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்க நிறைய வருவாங்க. நீங்க சைடு வாக்கர், அதாவது பிள்ளையோட தொடை மேல கையைக் குறுக்க வச்சு சேணத்தோட முன்பக்கத்தைப் பிடிச்சுகிட்டு கூடவே நடக்கணும், கண்ணு பிள்ளை மேலயே இருக்கணும், குதிரையப் பாத்துக்க முன்னாடி கயித்தைப் பிடிக்கிற லீடர் தனியா இருப்பாங்க. இங்கிலீஷ் கவலையே வேண்டாம், இன்ஸ்ட்ரக்டர் குரல் ஒண்ணுதான் பிள்ளைக்குக் கேக்கணும், ரெண்டு பக்கமும் நாம ஆளுக்கொண்ணு சொன்னா அது குழம்பிடும், அதனால நாம வாயத் திறக்காம நடந்தாலே பாதி வேலை சரி.

குதிரை மேல உக்காந்தா வியாதி குணமாகுமான்னு கேட்டீங்க. ஆகாது, அப்படி யார் சொன்னாலும் நம்பாதீங்க. குதிரை நடக்கறப்ப மேல இருக்கறவங்க இடுப்பு முன்னபின்ன போகும், பக்கவாட்டுல அசையும், லேசா திரும்பவும் செய்யும், கிட்டத்தட்ட நாம நடக்கறப்ப அசையற மாதிரியே. சரியா நடக்க முடியாத பிள்ளையோட உடம்புக்கு அந்த அசைவு கிடைக்குது, நிமிர்ந்து உக்கார முதுகும் வயிறும் வேலை செய்யுது. டென்மார்க்ல லிஸ் ஹார்ட்டெல்னு ஒரு அம்மா, போலியோ வந்து முட்டிக்குக் கீழ கால் செயலிழந்தவங்க, 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல குதிரையேற்றத்துல வெள்ளி வாங்கினாங்க, இந்த யோசனை பரவினதுல அவங்களுக்குப் பெரிய பங்கு. பாத் இன்டர்நேஷனல்னு 1969-ல ஆரம்பிச்ச அமைப்பு சென்டர்களுக்கு அங்கீகாரம் குடுக்குது, உங்களோடது அதுல இருக்கான்னு மகளை விசாரிக்கச் சொல்லுங்க.

முட்டியத்தான் யோசிக்கணும். தரை பெரும்பாலும் மணல், அரை மணி நேரமாவது கைய தோள் உயரத்துக்குத் தூக்கிகிட்டு நடக்கணும், குதிரை ட்ராட், அதாவது மெதுவான ஓட்டம் போனா நாமளும் ஓடணும். முடியலன்னா உடனே சொல்லிடுங்க, பிள்ளை சாஞ்சா தாங்கற ஆள் நீங்கதான், கூச்சப்பட்டு சமாளிக்கக் கூடாது. நடக்கற வேலை ஒத்துக்கலன்னா குதிரையத் தேய்ச்சு விடுறது, சேணம் துடைக்கிறதுன்னு வேற வேலை இருக்கு, எனக்குத் தேய்ச்சு விடுறதுதான் ரொம்பப் பிடிக்கும். தோள் பக்கமா பேசிகிட்டே போகணும், நேர் பின்னாடி நின்னா அதுக்குத் தெரியாது, காதைப் பின்னாடி மடக்கிச்சுன்னா கோவம்னு அர்த்தம், தள்ளி நில்லுங்க. துப்பட்டா வேண்டாம், தாலிச் செயின் சட்டைக்குள்ள இருக்கட்டும், மூடின ஷூ. வைக்கோல் தூசி இருக்கும், வீசிங் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க. பிள்ளைங்க போட்டோவ குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடவே கூடாது.

அங்க போன புதுசுல எனக்குக் கஷ்டமா இருந்தது குளிர் இல்ல, வீட்ல எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் நாம எங்கயும் தேவைப்படாத மாதிரி இருக்கற அந்தப் பகல்தான். சைடு வாக்கர் வரலன்னா அன்னிக்கு ஒரு பிள்ளையோட கிளாஸே நின்னுபோகும், அதனால என் வருகைக்காக ஒரு குழந்தை காத்திருக்குன்னு தெரிஞ்சப்புறம் அந்த ஊரு எனக்கு வேற மாதிரி ஆயிடுச்சு. அதே காரணத்துக்காக, கார் ஓட்டத் தெரியாதுன்னா யார் கொண்டு விடுவாங்கன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் பேர் குடுங்க, இந்த இடங்கள் நிறைய ஊருக்கு வெளியதான் இருக்கும், பஸ் எதிர்பார்க்க முடியாது.

இப்பவே டெட்டனஸ் ஊசி போட்டு சீட்டைப் பத்திரமா வச்சுக்கங்க. கிளம்பற வரைக்கும் காலைல பெசன்ட் நகர் பீச் மணல்ல ஒரு கைய தோள் உயரத்துக்குத் தூக்கிகிட்டு அரை மணி நேரம் நடந்து பாருங்க, முட்டி என்ன சொல்லுதுன்னு எழுதுங்க, எந்த வேலைக்குப் பேர் குடுக்கலாம்னு பாத்துக்கலாம்.