ஜெயித்தும் வெளியே நிற்பவர்கள்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மேல் டிவிஷனுக்குப் போகப்போகிற அணிக்கு, அதற்கு முந்தைய சீசனில் பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக ஆடும் சுற்று) கிடையாதாமே? அப்புறம் எதற்காக அந்த சீசனை ஆடுகிறார்கள்? ஜெயித்தால்தானே மேலே போக முடியும்?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஜெயித்தால் மேலே போகலாம் என்பது இங்கிலாந்துக் கால்பந்து. அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி யாரும் போவதில்லை. மேலே இருக்கும் ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டணி, கூப்பிட வேண்டும், விண்ணப்பம் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 5,000 டாலராக இருந்தது. 2023-இல் அதை 50 லட்சம் டாலராக்கினார்கள். ‘இனிமேல் வராதீர்கள்’ என்று சொல்ல எவ்வளவு நாசூக்கான வழி!

பிளேஆஃப் தடைக்கு ஒரு காரணம் உண்டு. கீழே எஃப்.சி.எஸ். பிரிவில் ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்கு 63 படிப்பு உதவித்தொகைதான், மேலே எஃப்.பி.எஸ்.ஸில் 85 என்று பல வருடம் வரம்பு இருந்தது. மேலே போகிற கல்லூரி முன்கூட்டியே ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடும். 63-க்குள் அடங்கி ஆடுகிறவனோடு அதைக் கோப்பைக்கு மோதவிடுவது நியாயமில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

எதற்காக ஆடுகிறார்கள் என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்டேட்ஸ்போரோவின் ஜார்ஜியா சதர்ன், எஃப்.சி.எஸ். பட்டத்தை ஆறு முறை வென்ற அணி. மறு வருடம் மேலே போகவிருந்ததால், 2013-இல் அதற்குப் பிளேஆஃப் இல்லை. சீசனும் சுமார்தான், 7 வெற்றி, 4 தோல்வி. ஆனால் கடைசி ஆட்டம் நவம்பர் 23 அன்று கெய்ன்ஸ்வில்லில், மேல் டிவிஷனின் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியோடு. பெரிய கல்லூரிகள் இப்படிச் சின்ன அணிகளைக் காசு கொடுத்துக் கூப்பிடுவது, அடித்து அனுப்பத்தான். ஃப்ளோரிடா அதற்கு முன் எஃப்.சி.எஸ். அணி எதனிடமும் தோற்றதில்லை. அன்று 26-20 என்று தோற்றது. ஜார்ஜியா சதர்ன் மொத்தம் மூன்று பாஸ் எறிந்தது. மூன்றையும் அவர்கள் ஆள் ஒருவர்கூடப் பிடிக்கவில்லை! பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியே 429 யார்டு. ஃப்ளோரிடாவின் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் எதிரியை விட்டுவிட்டு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்ற காட்சி, இன்றைக்கும் இணையத்தில் சுற்றுகிறது. கிடைத்தால் பாருங்கள்.

கோப்பை இல்லாத சீசன் என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. மேலே போவது என்று முடிவு செய்தது நிர்வாகம். பயிற்சியாளர் ஜெஃப் மான்கன் அதே டிசம்பரில் ஆர்மி (அமெரிக்க ராணுவக் கல்லூரி) அணிக்குப் போய்விட்டார். அவருக்கு நல்லதே நடந்தது. கடைசி வருடம் படிக்கும் பையனுக்குத்தான் பிளேஆஃபும் இல்லை, மேல் டிவிஷனும் இல்லை. அவனை யார் கேட்டார்கள்?

மேலே போன பிறகும் தண்டனை முடியாது என்பதுதான் வேடிக்கை. 2014-இல் ஜார்ஜியா சதர்ன், சன் பெல்ட் கான்ஃபரன்ஸில் எட்டுக்கு எட்டு ஜெயித்துப் பட்டமும் வாங்கியது. ஆனால் மாறுதல் காலம் முடியவில்லை என்று பௌல் ஆட்டம் (சீசன் முடிந்தபின் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் கௌரவ ஆட்டம்) கொடுக்கவில்லை. மேலே 85 என்ற வரம்பு எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருந்தது? உதவித்தொகைக் காரணம் எங்கே போயிற்று?

ஒன்பது வருடம் கழித்தும் அதே கதை. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் 2021 நவம்பரில்தான் மாறுவதை அறிவித்ததால், அந்த சீசனில் பிளேஆஃப் ஆடி அரையிறுதி வரை போனது. (எல்லோருக்கும் தடை இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) மாட்டிக்கொண்டது மேலே போனபின். 2023-இல் முதல் பத்து ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, பௌல் தடையிலிருந்து விலக்குக் கேட்டது, மறுத்துவிட்டார்கள். கடைசியில் பௌல் ஆட்டம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? பௌல் ஆட்டத்துக்கு ஆறு வெற்றி வேண்டும். அப்படிப்பட்ட அணிகள் போதவில்லை, காலி இடம் இருந்தது. 11 ஆட்டம் ஜெயித்தவர்கள், ஆறு ஜெயிக்க முடியாதவர்களின் புண்ணியத்தில் உள்ளே போனார்கள்.