ரோலர்ஸ்கி உடைந்தது சரி, துளை போட்டது யார்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். குளிர்காலத்தில் குல்மார்க் போய் கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங் செய்பவன். மற்ற மாதங்களில் பயிற்சி செய்ய, போன மார்ச்சில் இங்கே ஒரு கடையில் 58,000 ரூபாய்க்கு ரோலர்ஸ்கி (பனியில்லாத ரோட்டில் ஓட்ட, சக்கரம் வைத்த ஸ்கீ) வாங்கினேன். பூட்ஸை மாட்டும் பைண்டிங்கை அவர்களே பொருத்தினார்கள். ஐந்தாவது மாதம், இறக்கத்தில் வலது ரோலர்ஸ்கியின் சட்டம் (ஃபிரேம்) பைண்டிங் திருகுக்குப் பக்கத்தில் பிளந்து, விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. கடைக்காரர் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் காட்டிச் சிரித்தார். வாட்ஸ்அப்பிலும் பிளாக் செய்துவிட்டார். சீசன் வீணாகக் கூடாதென்று பிளவை வெல்டிங் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: சிரித்ததற்கும் பிளாக் செய்ததற்கும் நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் ஒரு வரி போதும். ரசீதில் அச்சடித்த வாசகமும் பெரிய விஷயமல்ல; பழுதான பொருளை விற்றவரை அது காப்பாற்றாது.

திருகுத் துளையைப் போட்டது கடைதான் என்பதற்கு எழுத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். ஃபிரேம் துளை ஓரத்தில் பிளந்திருக்கிறது. துளை கடை போட்டதென்றால் அது சேவைக் குறைபாடு; வெளிநாட்டுக் கம்பெனியைத் தேடிப் போக வேண்டியதில்லை. கம்பெனியின் தயாரிப்புக் கோளாறு என்று கடை தள்ளிவிட்டாலும், நோட்டீஸ் கொண்டு சேர்க்க முடியாத தயாரிப்பாளருக்குப் பதிலாக விற்றவரே பொறுப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 86-ஆம் பிரிவு. ரசீதில் பொருத்துக் கூலி என்று தனியாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் உங்கள் போனில் உள்ள பழைய வாட்ஸ்அப் உரையாடல்தான் ஆதாரம். அந்த போனை மாற்றாதீர்கள்.

அப்புறம், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வெல்டிங் செய்ததாக. என்னிடம் வருகிறவர்களில் பலர் கவிழ்வது இங்கேதான். ஃபிரிட்ஜைப் பழுதுபார்த்து, கழற்றிய பாகத்தைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, ரசீதோடு வந்து உட்காருவார்கள். பழுதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். 38-ஆம் பிரிவின்படி ஆணையம் பொருளுக்கு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆனால் பிளவு எங்கே தொடங்கியது, துளை பெரிதாக இருந்ததா என்பதெல்லாம் உருகிப் போன அலுமினியத்தில் எப்படித் தெரியும்?

எதிர்த்தரப்பு 87-ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வரும்: பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்றவர்மீது பொறுப்பில்லை. அது விபத்து நேரத்து நிலையைத்தான் சொல்கிறது, வெல்டிங் பிறகு நடந்தது என்று நான் வாதாடலாம். ஆனால் விபத்துக்கு முன்பு நீங்கள் எதையும் தொடவில்லை என்று காட்டப் பழைய நிலையில் பொருள் இல்லையே. திருகை எப்போது இறுக்கிப் பார்த்தீர்கள், உட்பக்கம் தேய்ந்த சக்கரங்களை இடம் மாற்றினீர்களா, மழையில் ஓட்டினீர்களா, வேறு கம்பெனிச் சக்கரம் போட்டீர்களா என்று குறுக்கு விசாரணையில் துருவுவார்கள். பராமரிப்பு பில்களையும் பழைய சக்கரங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஞாபகத்திலிருந்து இப்போது புதிதாக ஒரு நோட்டு எழுதிவிடாதீர்கள்.

ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். ஒட்டுப்போட்ட ஃபிரேமில் இன்னொரு முறை விழுந்தால், எந்த ஆஸ்பத்திரி பில் எந்த விழுகைக்கு என்று உங்களாலேயே பிரிக்க முடியாது.

வெல்டிங்குக்கு முன்பு எடுத்த போட்டோ, விபத்து நாளின் மருத்துவக் குறிப்பு, வெல்டிங் பட்டறைக்காரரின் எழுத்து வாக்குமூலம் மூன்றும் இருந்தால் நோட்டீஸ் அனுப்பலாம். போட்டோ இல்லையென்றால் சமரசமாகப் போவதுதான் புத்திசாலித்தனம். 5 லட்சத்தை மறந்துவிட்டு, ரோலர்ஸ்கியின் விலையும் மணிக்கட்டுச் செலவும் கேளுங்கள். "முழுத் தீர்வு" என்று எழுதிய தாளில், ஆஸ்பத்திரிச் செலவு அதில் சேராதவரை கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக மனுப் போட 69-ஆம் பிரிவு தரும் இரண்டு வருடக் கெடு நிற்காது. கடைக்காரர் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று இழுத்தால் மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்.