கூடுதல் விரலை நீக்கிய பின் கட்டைவிரல் மூட்டு ஆடுகிறதா?

பிறவியிலேயே இரட்டைக் கட்டைவிரலாக இருந்து, கூடுதல் விரல் அறுவையில் நீக்கப்பட்ட உங்கள் மூன்று வயது மகளுக்கு, மூட்டு ஆடுகிறது என்பதற்காக மட்டும் மறு அறுவை தேவைப்படாது; ஆனால் பொருளைப் பிடிக்கும்போது கட்டைவிரலின் அடிமூட்டு (விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு) ஒரு பக்கமாகச் சாய்ந்தால், கை அறுவை நிபுணரிடம் காட்டத்தான் வேண்டும்.

பெரும்பாலும் நீக்கப்படுவது, ஆள்காட்டி விரலுக்கு அப்பால் உள்ள வெளிப்பக்கக் கட்டைவிரல். மூட்டின் அந்தப் பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் தசைநார் அவ்விரலோடு ஒட்டியிருப்பதால், அதைப் பிரித்தெடுத்து எஞ்சிய விரலில் தைப்பார்கள். அந்தப் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். தசைநாரை அப்படித் தைத்தது அறுவைக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

அடிமூட்டுக்குக் கீழுள்ள எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, விரலை ஆள்காட்டி விரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: நீட்டிய நிலையில் ஒருமுறை, சுமார் 30 பாகை மடக்கி ஒருமுறை. மறு கையிலும் அவ்வாறே செய்யுங்கள். இதைவிட நான் நம்புவது, மேசைமேல் வைத்த மலேசிய 10 சென் காசை அவள் எடுப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்வதைத்தான் (காசு வாய்க்குப் போகாமல் பக்கத்திலேயே இருங்கள்).

சிறு பிள்ளைகளின் மூட்டுகள் இயல்பாகவே தளர்வானவை. ஆகவே இரு கைகளுக்கும் உள்ள வேறுபாடே கணக்கு. அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தால் சாய்த்துப் பார்க்கவே வேண்டாம். பினாங்கில் அரசு மருத்துவமனைக்குப் போவதானால், சுகாதாரக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அந்தக் காணொளியையும் கொண்டுசெல்லுங்கள்.