அமெரிக்கத் தெற்கில் முன்னோரைத் தேடுவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி: என் மனைவியின் முப்பாட்டனார் அலபாமாவில் கறுப்பின விவசாயி. 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறார், 1860இல் காணவில்லையே?

பதில்: அடிமைப்பட்டிருந்த மக்கள் பெயரோடு பதிவானது 1870இல்தான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டும்தான். எனவே 1870 பக்கத்தில் அக்கம்பக்கத்து வீடுகளையும் விடாமல் படியுங்கள். விடுதலைக்குப் பிறகு பலர் அதே வட்டாரத்தில்தான் இருந்தார்கள். அப்புறம், 1861-65 உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களின் தெற்குப் படையை எதிர்த்த வடக்குப் படையில் (மத்திய அரசின் படை) அவர் சேர்ந்தாரா என்று பாருங்கள். அதன் கறுப்பினப் பிரிவுகளில் சுமார் 1,79,000 பேர் இருந்தார்கள். விதவை பென்ஷன் கோப்பு கிடைத்தால் பெரும் புதையல். அடிமைக் காலத் திருமணத்துக்குச் சான்றிதழ் கிடையாது என்பதால், கூட வாழ்ந்தவர்கள் வந்து சாட்சி சொல்லியிருப்பார்கள். எந்தத் தோட்டம், யாரிடம் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும்.

கேள்வி: 1890 கணக்கெடுப்பு எங்கே கிடைக்கும்?

பதில்: அநேகமாகக் கிடைக்காது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பகுதி பாழானது, மிச்சத்தையும் பின்னால் அழித்துவிட்டார்கள்; சில துண்டுகள் மட்டுமே தப்பின. 1880இலிருந்து 1900க்குத் தாவுங்கள். 1900இல் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு.

கேள்வி: என் முன்னோர் ஒருவர் தெற்குப் படையில் ஜார்ஜியா சார்பில் போரிட்டார், பிறகு டெக்ஸாஸில் குடியேறினார். தேசிய ஆவணக் காப்பகத்தில் பென்ஷன் கோப்பு இல்லை.

பதில்: அந்த பென்ஷனைக் கொடுத்தது மாநில அரசு, அதுவும் விண்ணப்பித்தபோது வாழ்ந்த மாநிலம். டெக்ஸாஸ் மாநிலக் காப்பகத்தில் கேளுங்கள்.

கேள்வி: மிசிசிப்பிக்காவது 1890 இருக்கிறதா?

பதில்: மேலே சொன்னதுதான். வடக்குப் படை வீரர்கள், விதவைகளின் தனிப்பட்டியல் மட்டும் மிசிசிப்பிக்கு எஞ்சியிருக்கிறது.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். குடும்பப்பெயரை வைத்தே உடைமையாளரைப் பிடித்துவிடலாமே? இணையத்தில் ஒரு வம்சாவளி அப்படித்தான் காட்டுகிறது.

பதில்: அதை நகலெடுக்காதீர்கள். மூலப் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: உடைமையாளர் பெயரைத்தானே எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்?

பதில்: இல்லவே இல்லை. சிலர் கடைசி உடைமையாளரின் பெயர், சிலர் அதற்கு முந்தையவர் பெயர், இன்னும் சிலர் தாங்களே தேர்ந்தெடுத்த பெயர். படையில் ஒரு பெயரில் சேர்ந்து, திரும்பியதும் தகப்பன் பெயருக்கு மாறியவர்கள் பென்ஷன் கோப்புகளில் வருகிறார்கள்.

கேள்வி: என் ஊகம் பொருந்துகிறதே! அதே கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) அதே பெயரில் ஒரு தோட்ட முதலாளி.

பதில்: அதே பெயரில் பலர் இருந்திருக்கலாம். அவருடைய உயிலையும் சொத்துப் பட்டியலையும் கவுண்டி நீதிமன்றத்தில் தேடுங்கள். அடிமைகளின் பெயர் வரிசை அங்கே இருக்கக்கூடும். விடுதலையான கறுப்பின மக்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளையும் பாருங்கள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களை எழுதிவைத்தார்கள்; சில பதிவுகளில் பழைய உடைமையாளர் பெயரும் உண்டு. அலபாமாவில் ஹன்ட்ஸ்வில், மொபைல் இரண்டிலும் கிளை இருந்தது.