டிலன்: பெயருக்குள் இருப்பது மகன் அல்ல, ஓதம்

கேள்வி: மகள் வேல்ஸில், கார்டிஃப் நகரில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர். பேரனுக்கு ‘டிலன்’ என்று பெயர் வைக்கப் போகிறார்கள். ‘கடலின் மகன்’ என்று பொருளாமே, சரிதானா? சம்பந்தியம்மா மட்டும் ‘டலன்’ என்கிறார். எப்படிக் கூப்பிடுவது?

பதில்: பொருள் பாதிதான் சரி. கரையை நோக்கி ஏறிவரும் ஓதத்தைக் குறிக்கும் வேல்ஷ் சொல்லோடு ஒரு முன்னொட்டு சேர்ந்து பிறந்த பெயர் என்றே இதைப் பொதுவாகக் கொள்கிறார்கள். ‘மகன்’ வந்தது அடைமொழியிலிருந்து. பழங்கதையில் அவன் முழுப்பெயர் ‘டலன் ஐல் டொன்’, அதாவது அலையின் மகன் டலன்.

அந்தக் கதை, 14ஆம் நூற்றாண்டு ஏடுகளில் கிடைக்கும் மபினோகி என்ற வேல்ஷ் பழங்கதைத் தொகுப்பின் நான்காம் கிளையில் வருகிறது. அரியன்ரோட் என்பவளுக்கு மஞ்சள் முடியோடு ஒரு பிள்ளை பிறக்கிறான். ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்ததுமே அவன் கடலுக்குப் போய்விடுகிறான். மீனுக்கு நிகராக நீந்துகிறான். அவனுக்குக் கீழே எந்த அலையும் உடைந்ததே இல்லையாம். எத்தனை முறை படித்தாலும் அந்த வரியில் நின்றுவிடுவேன். கடைசியில் தாய்மாமன் கொவன்னன் கையால் இறந்துபோகிறான். இதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அதற்காக வேல்ஸில் யாரும் இந்தப் பெயரைத் தவிர்ப்பதில்லை.

வெகுகாலம் இது கதைக்குள்ளேயே கிடந்த பெயர். 1914இல் ஸ்வான்ஸீயில் ஓர் ஆங்கில ஆசிரியர் தன் மகனுக்கு இதை வைத்தார். அந்தப் பிள்ளைதான் கவிஞர் டிலன் தாமஸ். 1962இல் அமெரிக்கப் பாடகர் ராபர்ட் ஜிம்மர்மன் சட்டப்படி பாப் டிலன் ஆன பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

சரி, உச்சரிப்புக்கு வருவோம். வேல்ஷில் ‘ஒய்’ எழுத்து கடைசி அசையில் வராவிட்டால் ஏறக்குறைய நம் ‘அ’ போல ஒலிக்கும். ஆகவே சம்பந்தியம்மா சொல்வதுதான் அந்த மொழிக்குரிய ஒலி. ஆனால் ‘டலன்’ என்றால் ஆங்கிலத்தில் ‘டல் ஒன்’, அதாவது மந்தமானவன், என்று கேட்டுவிடுமோ என்று கவிஞரின் அம்மா பயந்தாராம். கவிஞரும் ‘டிலன்’ என்பதையே விரும்பினார். அதனால் இரண்டும் வழக்கில் உண்டு. எழுத்து ஒன்றேதான் என்பதால் பிறப்புப் பதிவில் சிக்கல் வராது. பெற்றோர் வீட்டில் எப்படிக் கூப்பிடப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எதுவானாலும் சரி என்றால் ‘டலன்’ என்றே சொல்லுங்கள், அழுத்தம் முதல் அசையில். தமிழ் நாவுக்கு அது சுலபமாகவே வரும்.