மார்புக்கு வாக்குவம் பம்ப்: ரத்த ஓட்டமும் வலியும் – வாசகர் கேள்விகள்

போன முறை மார்பு அளவு பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: ஆன்லைனில் வாங்கிய வாக்குவம் பம்ப், அதாவது மார்பின்மேல் கப்பைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி மார்பைப் பெரிதாக்கும் என்று சொல்லி விற்கும் கருவி. பலரும் "கேட்கவே கூச்சமாக இருக்கிறது" என்று தொடங்கியிருக்கிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் வயது, சாப்பிடும் மாத்திரை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், இந்த நான்கையும் எழுதாமல் "பிரச்சினை வருமா?" என்று மட்டும் கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வது?

கீழே நான் சொல்லும் அழுத்த எண்கள் எல்லாம் பி.பி. பார்க்கும் அதே அலகில், அதாவது பாதரச மில்லிமீட்டரில்தான். அப்புறம், எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: நிறம் கறுத்தால், உணர்வு குறைந்தால், வலித்தால், உடனே வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள்.

கேள்வி: பம்பை எடுத்தவுடன் மார்பு முழுக்க சிவந்திருக்கிறது. 10 நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா? (வாசகி, ஈரோடு)

வேண்டாம். விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்து, இரண்டு மூன்று விநாடிக்குள் பழைய நிறம் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் இந்த விரல் சோதனையைச் செய்யுங்கள். ஊதா நிறமாக இருந்தாலோ, அழுத்தியும் மறையாத குண்டூசித்தலைப் புள்ளிகள் தெரிந்தாலோ, சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்திருக்கின்றன. அந்தப் புள்ளிகள் முழுதாக மறையும்வரை பம்பைத் தொடக் கூடாது.

கேள்வி: இரவு டேப் வைத்து அளந்தால் ஒன்றரை அங்குலம் கூடியிருக்கிறது. காலையில் பழைய அளவுக்கே வந்துவிடுகிறது. ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? (பெயர் வேண்டாம், சேலம்)

இரவில் நீங்கள் அளந்தது நீர். உறிஞ்சும்போது மிகச் சிறிய ரத்தக்குழாய்களான நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுவுக்குள் கோத்துக்கொள்கிறது. பம்பை எடுத்ததும் சிரையும் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) நிணநீர்க் குழாயும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடுகின்றன. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவரின் கணுக்கால் மாலையில் வீங்கி, விடிந்தால் வடிவதும் இதே கதைதான்.

உண்மையான வளர்ச்சி சாத்தியமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ரோஜர் கூரி என்ற பிளாஸ்டிக் சர்ஜன் தானே உருவாக்கிய கருவியை வைத்து 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 17 பெண்கள் சேர்ந்தார்கள், 12 பேர் முடித்தார்கள். தினம் 10 முதல் 12 மணி நேரம், 10 வாரம், அழுத்தம் வெறும் 20 அளவில். கிடைத்தது ஒரு மார்புக்குச் சராசரியாக 100 மி.லி., டீக்கடை கிளாஸ் ஒன்றின் அளவு. நிறுத்திய முதல் வாரத்திலேயே அதில் கொஞ்சம் சுருங்கியது. மிச்சம் மாதக்கணக்கில் நின்றது. ஆய்வு சின்னது, செய்தவரே கருவியைக் கண்டுபிடித்தவர், இரண்டையும் மனதில் வையுங்கள். முக்கியமாக, அங்கே இருந்தது நீண்ட நேரம், மிகக் குறைந்த அழுத்தம். நம் ஊரில் விற்கும் கை பம்புடன் வரும் துண்டுச்சீட்டு சொல்வதோ 15 நிமிடம், மிக அதிக அழுத்தம். இரண்டும் வேறு வேறு காரியம்.

கேள்வி: மீட்டரில் 5 வைக்கிறேன். போதுமா, ஏற்றலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

5 என்றால் எந்த 5? மீட்டர் முகப்பில் அலகு அச்சிட்டிருக்கும். அதைப் படித்து எழுத ஒரு நிமிடம் ஆகாது. கிலோபாஸ்கல் என்றால் 5 என்பது சுமார் 40. பாதரச அங்குலம் என்றால் அதே 5 சுமார் 130, மூன்று மடங்கு. முதலாவது, மேலே சொன்ன ஆய்வில் பயன்படுத்தியதைப் போல் இரண்டு மடங்கு, இரண்டாவது ஆறு மடங்குக்கு மேல். இரண்டிலும் ஏற்றுவதற்கு இடமில்லை, இறக்கத்தான் வேண்டும். மீட்டரே இல்லாத பம்பை வாங்கியவர்கள் அதை உபயோகிக்காதீர்கள்.

கேள்வி: முதல் வாரம் வலித்தது. இப்போது 20 நிமிடத்தில் மரத்துப் போய்விடுவதால் வலியே இல்லை. ஒரு மணி நேரம்கூட வைக்க முடிகிறது. மார்பு பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, திருநெல்வேலி)

இல்லவே இல்லை. இந்த ஒரு கேள்வி வேறு வேறு சொற்களில் ஏழெட்டு கடிதங்களில் வந்திருக்கிறது. "மரத்தால் நல்லது, தொடரலாம்" என்று விற்பவர்களே சொல்லிக்கொடுக்கிறார்களாம். படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தம் எடுக்கும்போது முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டை கட்டுகிறார்கள். நாம் பேச்சில் நரம்பு என்று சொல்லும் அந்தச் சிரை புடைக்கிறது. பட்டையின் இறுக்கம் தமனியை அடைக்கப் போதாது, சிரையை அடைக்கப் போதும். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. உங்கள் கப்பின் விளிம்பு மார்பைச் சுற்றி இதைத்தான் செய்கிறது. லேபில் பட்டை ஒரு நிமிடம்தான் இருக்கும். நீங்கள் ஒரு மணி நேரம் வைக்கிறீர்கள்.

விளிம்பு எவ்வளவு அழுத்துகிறது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கப்பின் குறுக்களவு 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வெறும் 20 வாக்குவம் இருந்தாலே வெளிக்காற்று அந்தக் கப்பை சுமார் 5 கிலோ எடையுடன் நெஞ்சின்மேல் அமுக்குகிறது. அந்த 5 கிலோவையும் தாங்குவது விளிம்பு மட்டும்தான். விளிம்பு 1 செ.மீ. அகலம் என்றால் அதன் அடியில் இருக்கும் தோலுக்கு அழுத்தம் 20 அல்ல, ஏறக்குறைய 75. நுண்குழாய்க்குள் ரத்தத்தின் அழுத்தம் 15-லிருந்து 35-க்குள்தான். ஆக மீட்டர் சாதுவான எண்ணைக் காட்டும்போதே விளிம்புக்கு அடியில் சிறு குழாய்கள் மூடிக்கிடக்கின்றன. வாக்குவத்தை 60 ஆக்கினால் நெஞ்சின்மேல் 15 கிலோ. விளிம்பு இரண்டரை செ.மீ. அகலமாக, மெத்தென்று இருந்தால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பம்பின் தரத்தை முதலில் விளிம்பில் பாருங்கள்.

இப்போது மரத்துப்போவதற்கு வருகிறேன். சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. கால் பழகிவிட்டது என்றா நினைக்கிறோம்? காலை நீட்டுகிறோம். உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு நசுங்கி, அதற்குப் போக வேண்டிய ரத்தமும் குறையும்போது செய்தி அனுப்புவதை அது நிறுத்திவிடுகிறது. காம்பின் உணர்வுக்கு முக்கியமான நரம்பு விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து பக்கவாட்டில் வருகிறது. கப்பின் வெளிப்பக்க விளிம்பு உட்காருவது அந்த வழியில்தான். தினமும் நசுக்கினால் உணர்வு திரும்ப நாட்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், இரண்டு மணிக்கு ஒரு தடவை ஏன் புரட்டிப் படுக்க வைக்கிறோம் என்று. உணர்வில்லாத இடத்தில் படுக்கைப்புண் எளிதில் வரும். வலி உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அது இப்போது இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு வாரம் முழுதாக நிறுத்துங்கள். காம்பில் பஞ்சால் வருடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். இனி எந்த அழுத்தத்தில் மரத்துப் போனாலும், அந்த அழுத்தம் உங்களுக்கு அதிகம்.

கேள்வி: வலது மார்பில் பட்டாணி அளவு கட்டி இருக்கிறது. வலியில்லை. பம்ப் போட்டால் கரையுமா? (வாசகி, 38, விழுப்புரம்)

கரையாது. பம்பை ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரமே சர்ஜனிடம் போங்கள். கைப்பரிசோதனை, மேமோகிராமும் ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசி பயாப்ஸி. வலியில்லை என்பது நிம்மதி தரும் விஷயம் அல்ல. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனை.

கேள்வி: மார்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது. கையைத் தூக்கினால் இழுக்கிறது. (பெயர் வேண்டாம், தஞ்சாவூர்)

மேலோட்டமான சிரையில் ரத்தம் உறைந்து தடித்திருக்கலாம். 1939-ல் விரிவாக விவரித்த பிரெஞ்சு சர்ஜன் ஆன்றி மொந்தோர் பெயரில் மொந்தோர் நோய் என்கிறோம். இறுக்கமான உடை, அடி, அறுவை சிகிச்சை, இப்படிச் சிரையை நசுக்கும் எதனாலும் வரும். பெரும்பாலும் நாலு முதல் எட்டு வாரத்தில் தானாகவே கரையும். வலிக்கு மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும் போதும். ஆனாலும் ஒரு தடவை நேரில் காட்டி, ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் உங்களுக்கு இனி வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு வாங்கிய தாய்ப்பால் பம்ப் சும்மா கிடக்கிறது. அதையே பயன்படுத்தலாமா? (வாசகி, கிள்ளான், மலேசியா)

கூடாது. அதன் கூம்பு காம்புக்காக அளவெடுத்தது. இழுத்து விட்டு, இழுத்து விட்டு வேலை செய்வதால்தான் அதன் 200 சொச்சம் அழுத்தத்தைக் காம்பு தாங்குகிறது. விடாமல் இழுத்தால் காம்பு வெடிக்கும். பால் கொடுத்துக்கொண்டிருந்தால் எந்தப் பெரிதாக்கும் பம்பும் வேண்டாம்.

கேள்வி: ஏசி அறையில் பம்பை எடுத்ததும் காம்பு வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து எரிகிறது. (வாசகி, சென்னை)

விரல்களும் குளிரில் வெளுக்குமா? அதை எழுதவில்லை. வெளுக்கும் என்றால் ரெய்னாட் என்று நினைக்கிறேன். குளிரில் சிறு தமனிகள் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்வது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் காம்பில் இது வரும். பம்பை நிறுத்துங்கள், மார்பைக் கதகதப்பாக வையுங்கள். மைக்ரேனுக்கோ பி.பி.க்கோ மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் இதைக் கூட்டும்.

கேள்வி: நான் திருநங்கை. ஒன்றரை வருடமாகக் கருத்தடை மாத்திரை தினம் நான்கு சாப்பிடுகிறேன். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் பம்பும் போடுகிறேன். சேர்த்துச் செய்யலாமா? (வாசகி, மதுரை)

பம்பைவிட எனக்குக் கவலை தருவது அந்த நான்கு மாத்திரை. அதில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் வகை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவது. அந்த அளவில் சாப்பிடுவது ஆபத்து. புகைபிடித்தால் இன்னும் ஆபத்து. ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஹார்மோனுக்கு இதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் உண்டு, ரத்தப் பரிசோதனை பார்த்து அளவு வைப்பார்கள். உங்கள் ஊர் அரசு ராஜாஜி மருத்துவமனையில் திருநங்கையருக்கென்றே சிறப்பு மருத்துவப் பிரிவு உண்டு. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, உரிமையோடு போங்கள்.

வளர்ச்சிக்கு இரண்டு மூன்று வருடம் ஆவது இயல்பு, நீங்கள் பின்தங்கவில்லை. முளைவிடும் திசு தொட்டாலே வலிக்கும் பருவத்தில் அதை இழுக்காதீர்கள். மருந்து சரியாகும்வரை பம்ப் வேண்டாம்.

கேள்வி: விளிம்பு படும் இடத்தில் வட்டமாகத் தடிப்பு, அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், கப் வழுக்குகிறது. (வாசகி, நாகர்கோவில்)

வழுக்கினால் காற்று கசியும், கசிந்தால் இன்னும் உறிஞ்சுவீர்கள். அதனால் எண்ணெய் வேண்டாம். வியர்வையும் உராய்வும் சேர்ந்த தடிப்பு இது.  ஒரு வாரம் விடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கப்பை வையுங்கள். விளிம்பு மார்பின்மேல் ஏறாமல், மார்பைத் தாண்டி நெஞ்சுப் பகுதியில் உட்கார வேண்டும். அப்படி உட்காராவிட்டால் கப் சிறியது. எடுக்கும்போது பிய்த்து இழுக்காமல், முதலில் வால்வு, பிறகு கப்.

நீர்க்கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். வெண்புள்ளி சிகிச்சையில் மேல்தோலைப் பிரித்து எடுக்க, தோல் டாக்டர்கள் வேண்டுமென்றே வாக்குவத்தால் கொப்புளம் உண்டாக்குவார்கள். அழுத்தம் 300 போல, ஓரிரண்டு மணி நேரம். அந்த எண் உங்கள் கை பம்பில் நாலைந்து அமுக்கில் வந்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. தோழிகளைவிடச் சிறியது என்று அழுகிறாள். வாங்கித் தரலாமா? (தாய், யாழ்ப்பாணம்)

வாங்கித் தராதீர்கள். 17, 18 வயதுவரை வளர்ச்சி நடக்கும். ஒரு பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவு சிறியதாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்கு அந்தப் பக்க நெஞ்சுத் தசையே பிறவியில் இருக்காது, அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், அவளை ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: சர்க்கரை, ஆஸ்பிரின் இரண்டும் உண்டு. 10 நிமிடம் மட்டும்? (வாசகி, 52, கரூர்)

10 நிமிடமும் வேண்டாம். கன்றினால் பரவும், புண்ணானால் ஆறாது. கடைசியாக மேமோகிராம் எப்போது எடுத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.